சிற்றூர்களில் மரம் அறுக்கும் சிறு யந்திரம்: அமைப்பதும் தேர்ந்தெடுப்பதும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களை அடுத்துச் செங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, அண்டையிலுள்ள விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பிரித்தாலும் இருபுறத்து விளைகளிலும் நிற்கும் மரங்கள் ஒன்றே. தென்னை, பலா, அயினி, மா, புளி, தேக்கு, ரப்பர் ஆகியவை வீட்டைச் சுற்றிய சிறு நிலத்திலேயே கலந்து வளர்கின்றன.

கேரளத்தில் உபயோகமாகும் மரத்தின் பெரும்பகுதி காடுகளிலிருந்து வருவதன்று. இத்தகைய விளைகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வருவதாகும். எனினும், மரத்தை வளர்த்தவர் அதனைப் பலகையாகக் காண்பது குறைவு. நின்ற நிலையிலேயே விலை பேசி விற்றுவிட்டு, பின்னர்க் கதவு செய்யப் பலகை வேண்டுமெனில் மரவாடிக்குச் சென்று பன்மடங்கு விலை கொடுக்கிறார். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் தென்கோடியைத் தாக்கியபோது, கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் ஏராளமான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. விழுந்த மரம் காத்திருப்பதில்லை. ரப்பர் மரத்தில் சில நாட்களிலேயே நீலக்கறை பரவும், வண்டு துளைக்கும். உடனே அறுக்க வழியில்லையெனில் பலகையாக வேண்டியது விறகாகிவிடும்.

ஆகவே, “நாமே ஒரு சிறு அறுப்பு யந்திரம் செய்துகொண்டால் என்ன?” என்று விவசாயிகள் கேட்பது இயல்பே. இக்கேள்வியுடன் களப்பணியாளரை அணுகுவோருக்கு எவ்வாறு விடை கூறலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் தவறான யோசனை பெறுபவர் பணத்தை இழக்கலாம், கையையும் இழக்கலாம்.

முதலில் அளவு

யந்திரத்தைப் பற்றி நினைக்கும் முன்னர், அறுக்க வேண்டிய மரம் எவ்வளவு என்று அறிதல் வேண்டும். நம் நாட்டு மர வியாபாரத்தில் உருண்டை மரத்தைக் கால்சுற்றளவு முறையில் அளப்பது வழக்கம். தடியின் நடுவில் சுற்றளவை அளந்து, அதனை நான்கால் வகுத்து, வந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். 4 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி இம்முறையில் 10 கன அடி ஆகும். உருளையின் கன அளவைச் சரியாகக் கணித்தால் 12.73 கன அடி வரும். அதாவது, கால்சுற்றளவு முறை உண்மையான அளவில் ஏறத்தாழ 78.5 சதவீதத்தையே காட்டுகிறது. பட்டை, ஓரச் சிராய், அறுப்புத்தூள் முதலிய கழிவுகளுக்காக விடப்பட்ட தள்ளுபடியைப் போல் இது பயன்படுகிறது. மரம் விற்பவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்திருப்பது நலம்.

ஒரு விவசாயி தம் விளையிலும் அண்டை விளைகளிலும் ஓராண்டில் வெட்டத்தக்க தடிகளை இவ்வாறு அளந்து கூட்டினால், யந்திரம் அவசியமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அறுக்கும் வழிகள் நான்கு

முதலாவது, இருவர் இழுக்கும் ஈர்வாள். குழியின்மேல் அல்லது உயர்ந்த சாரத்தின்மேல் தடியைக் கிடத்தி, கரி தோய்த்த நூலால் கோடிட்டு, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று அறுப்பர். மேலிருப்பவர் கோட்டைக் காப்பார். கீழிருப்பவர் இழுக்கும்போது வாள் வெட்டும். செலவில்லாத முறை எனினும், இத்தொழிலைப் பழகியோர் இன்று அரியர்.

இரண்டாவது, சங்கிலி வாளைப் பலகை அறுக்கும் சட்டத்தில் பொருத்தும் முறை. தடியின்மேல் நேரான ஏணி போன்ற வழிகாட்டியைப் பிணைத்து, அதன்மீது சட்டத்தைத் தள்ளிச் செல்ல வேண்டும். யந்திரம் தடியிடம் செல்லும் என்பது இதன் சிறப்பு. வண்டி நுழையாத விளையில் விழுந்த பெரிய அயினித் தடியை அங்கேயே பிளந்துவிடலாம். ஆனால் வேலை மெதுவானது. புகையும் இரைச்சலும் மிகுதி. தூளாகும் மரமும் அதிகம்.

மூன்றாவது, வட்ட வாள். அமைப்பு எளிது. மேசையின் நடுவே சுழலும் தட்டு ஒன்றே அதன் உயிர். ஆனால் தட்டின் விட்டத்தில் பாதிக்கும் குறைவான ஆழமே அது வெட்டும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கனம் வரையே அறுக்கும். மேலும், அறுபட்ட பிளவு சுருங்கித் தட்டை நெருக்கினால், தடி பின்னோக்கி எறியப்படும். வீட்டில் செய்யும் யந்திரங்களில் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே.

நான்காவது, பட்டை வாள். பல் வெட்டிய எஃகு நாடா இரு சக்கரங்களின்மேல் ஓடுகிறது. பெரிய மில்களில் இச்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். தடி வண்டியில் நகர்ந்து வரும். சிறு யந்திரங்களிலோ சக்கரங்கள் பக்கம் பக்கமாக அமையும்; தடி அசையாமல் கிடக்க, வாள் தாங்கிய சட்டம் தண்டவாளத்தில் நகரும். பாரமான தடியை அசைக்க வேண்டாமாகையால், சிற்றூருக்கு ஏற்றது இக்கிடைப்பட்டை வாளே.

தூளாகப் போகும் மரம்

வாள் செல்லும் தடத்தின் அகலம் சிறு விஷயமெனத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் முக்கியம் விளங்கும். சிறு பட்டை வாளின் தடம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். வட்ட வாளுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர். சங்கிலி வாளுக்கு 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

30 சென்டிமீட்டர் கனமுள்ள சதுரத் தடியை 2.5 சென்டிமீட்டர்ப் பலகைகளாக அறுப்பதாகக் கொள்வோம். 6 மில்லிமீட்டர்த் தடத்தில் 9 பலகைகளே கிடைக்கும். பத்தாவதற்குத் தடி போதாது. 2 மில்லிமீட்டர்த் தடத்திலோ 11 பலகைகள் கிடைக்கும். ஒரே தடியில் இரண்டு பலகை மிகுதி. பலாவும் தேக்கும் விற்கும் விலையில் இது சிறிய லாபமன்று.

கிடைப்பட்டை வாளின் அமைப்பு

நெய்யாற்றின்கரை போன்ற ஊர்ப் பட்டறைகளில் கிடைக்கும் இரும்புக் கோணங்களையும் தாங்கிகளையும் கொண்டே இதனை அமைக்க இயலும். எனினும் ஐந்து அம்சங்களில் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

1. தண்டவாளம். பலகையின் நேர்மை தண்டவாளத்தின் நேர்மையே ஆகும். தண்டவாளம் 3 மில்லிமீட்டர் தாழ்ந்த இடத்தில் பலகையும் 3 மில்லிமீட்டர் கோணும். செம்மண் நிலம் மழையில் இளகுவதாகையால், கான்கிரீட் அடித்தளத்தின்மேல் மட்டம் பார்த்துப் பதித்தல் நலம்.

2. சக்கரங்கள். இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். நாடா விலகி ஓடாமலிருக்கச் சக்கரத்தின் விளிம்பு நடுவில் சற்றே மேடாக இருக்க வேண்டும். டயர் பூட்டிய சிறு வண்டிச் சக்கரங்களைச் சிலர் உபயோகிப்பதற்குக் காரணம், டயரின் மேடு இவ்வேலையைச் செய்வதேயாகும். ஆனால் அவை எடை சமன் செய்யப்பட்டவையாக இருத்தல் அவசியம்.

சக்கரம் சிறிதாயின் செலவு குறையும் என்று எண்ணுவது தவறு. நாடா சக்கரத்தில் வளையும்போது எஃகில் உண்டாகும் அழுத்தம், நாடாவின் கனம் கூடக் கூடும். சக்கரத்தின் விட்டம் கூடக் குறையும். 48 சென்டிமீட்டர்ச் சக்கரத்திற்குப் பதில் 30 சென்டிமீட்டர்ச் சக்கரம் பொருத்தினால் அழுத்தம் 1.6 மடங்காகும். 3.9 மீட்டர் நீள நாடா நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு பகுதியும் மணிக்கு ஏறத்தாழ 46,000 முறை வளைந்து நிமிர்கிறது. சிறு சக்கரத்தில் நாடா விரைவில் வெடித்து அறுவது இதனால்தான்.

3. வேகம். சிறு நாடாக்களுக்கு நொடிக்கு 20 முதல் 25 மீட்டர் வேகம் ஏற்றது. 48 சென்டிமீட்டர்ச் சக்கரம் நிமிஷத்திற்கு 1,000 முறை சுழன்றால் நாடா நிமிஷத்திற்கு 1,508 மீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் ஓடும். நிமிஷத்திற்கு 1,440 சுற்று ஓடும் மின் மோட்டாரில் 15 சென்டிமீட்டர்க் கப்பியும், சக்கரத்தின் அச்சில் 21.6 சென்டிமீட்டர்க் கப்பியும் பொருத்தினால் இவ்வேகம் கிடைக்கும். 10 குதிரைச் சக்தியுள்ள மோட்டார் அல்லது டீசல் எஞ்சின், சாதாரணத் தடிகளைப் பொறுமையாக அறுக்கப் போதுமானது.

4. இறுக்கமும் வழிகாட்டிகளும். ஒரு சக்கரம் நிலையாகவும் மற்றது திருகாணியால் நகரக்கூடியதாகவும் அமைய வேண்டும். நாடாவைச் செய்தவர் குறிக்கும் இறுக்கத்தைக் கொடுத்து, அன்றாட வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். தடியின் இருபுறத்திலும் உருளை வழிகாட்டிகள் நாடாவைத் தாங்க வேண்டும். அவை தடிக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அறுப்பு நேராகும்.

5. உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பு. நான்கு தூண்களிலும் சமமாக இறங்காத சட்டம் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் உள்ள பலகையையே தரும். இருபுறத் திருகாணிகளையும் ஒரே சங்கிலியால் இணைத்தல் சிறந்த வழி.

நாடாவின் பல்லும் கவனத்திற்குரியது. ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பற்கள் இவ்வேலைக்கு வழக்கமானவை. அவற்றை இருபுறமும் அரை மில்லிமீட்டர் அளவு சாய்த்தால், 1 மில்லிமீட்டர் நாடா 2 மில்லிமீட்டர்த் தடம் வெட்டும். பலகையில் அலை அலையாக மேடுபள்ளம் தோன்றினால் மூன்று காரணங்களை வரிசையாக ஆராய வேண்டும்: பல் மழுங்கியிருக்கலாம், இறுக்கம் குறைந்திருக்கலாம், தள்ளும் வேகம் மிகுந்திருக்கலாம். பால் வடியும் பலா, அயினி முதலியவற்றை அறுக்கும்போது நாடாவில் பிசின் ஒட்டும். நீர் சொட்டச் செய்தால் அது குறையும்.

தென்னையை அறுப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையிலோ வெளிப்புறமே கடினம், நடு பஞ்சு போன்றது. முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில் வெளிமரம் சாதாரண நாடாவை விரைவில் மழுக்கிவிடும். ஆகவே ஓரத்தைச் சுற்றிச் சட்டங்களாக எடுத்து, நடுப்பகுதியைப் பாரம் தாங்கும் வேலைக்கு உபயோகியாமல் விலக்குவதே முறை.

உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து

விளை மரத்தில் இரும்பு ஒளிந்திருக்கும். கன்று கட்ட அடித்த ஆணி, துணிக்கொடிக் கம்பி, வேலி முள்கம்பி ஆகியவற்றை மரம் தன்னுள் மூடி வளர்ந்துவிடுகிறது. அடிமரத்தின் முதல் ஆறடியை ஆராயாமல் அறுக்கலாகாது. அறுத்த முகத்தில் கருநீலக் கறை காணப்பட்டால் அருகில் இரும்பு உண்டென்று ஐயுற வேண்டும்.

ஓடும் நாடா அறுந்தால் சவுக்குபோல் வீசும். ஆகையால் சக்கரங்களும், வெட்டாத பகுதி நாடாவும், கப்பிகளும் முழுவதும் தகட்டால் மூடப்பட்டிருக்க வேண்டும். மூடியில்லாத யந்திரம் எவ்வளவு மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. கைக்கெட்டும் இடத்தில் நிறுத்துவிசை வேண்டும். வேட்டியும் துண்டும் தொங்க வேலை செய்யலாகாது. தடியைப் பிணிக்காமல் அறுத்தலும், ஓடும்போது தூளைக் கையால் தள்ளுதலும் விலக்கத்தக்கவை. காதுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் காப்பு அவசியம். மரத்தூள் நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும்.

சட்டம் கூறுவது

ஒரு ரூபாயும் செலவிடுமுன் அறிய வேண்டியது இது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின்னர், மர அறுப்பு ஆலைகள் நாடெங்கும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டன. கேரள அரசு 2012-இல் இதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல், வன அமைச்சகம் 2016-இல் மரத்தொழிற்சாலைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மின்சக்தியாலோ யந்திர சக்தியாலோ உருண்டைத் தடியைப் பலகையாக்கும் இடத்தை அறுப்பு ஆலையாகக் கருதுவதே இவ்விதிகளின் அடிப்படை. சிறியது என்பதாலோ, வீட்டில் செய்தது என்பதாலோ, சக்கரம் பூட்டி இழுத்துச் செல்லக்கூடியது என்பதாலோ அது விதிக்கு விலக்காகிவிடும் என்று எண்ணலாகாது. வனக் கோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

மரத்தை வெட்டுவதும் தனியே ஆராயத்தக்கது. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை எங்கு நின்றாலும் அரசுக்குரிய மரங்களாகக் கருதப்பட்டன. வன நிலமல்லாத இடங்களில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கும் கேரளச் சட்டம் 2005-இல் வந்தபின் நில உடைமையாளருக்குப் பெரும் உரிமை கிடைத்தது. எனினும் சந்தனத்திற்கும், பட்டயத்தில் அரசுக்கு ஒதுக்கப்பட்ட மரங்களுக்கும் தடை உண்டு. எல்லையைக் கடந்து தடியோ பலகையோ கொண்டு செல்வோர் இரு மாநில விதிகளையும் கேட்டறிதல் வேண்டும்.

செலவுக் கணக்கு

விலைகள் இடத்திற்கு இடம் மாறும். கணக்கிடும் முறையை மட்டும் ஓர் உதாரணத்தால் காண்போம். யந்திரத்தின் முழுச் செலவு 3,00,000 ரூபாய் என்றும், ஆயுள் 10 ஆண்டு என்றும் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 30,000 ரூபாய். சராசரி முதலீடு 1,50,000-க்கு 10 சதவீத வட்டி 15,000 ரூபாய். பழுது, உரிமக் கட்டணம் முதலியவை 15,000 ரூபாய். ஆக, ஒரு தடியும் அறுக்காவிட்டாலும் ஆண்டிற்கு 60,000 ரூபாய் செலவாகும்.

ஆண்டில் 500 கன அடி அறுப்பவருக்கு இந்த நிலைச்செலவு மட்டும் கன அடிக்கு 120 ரூபாய். 6,000 கன அடி அறுப்பவருக்கு அதுவே 10 ரூபாய். 10 கன அடித் தடிகளாயின், முன்னவர் ஆண்டிற்கு 50 தடியும், பின்னவர் 300 வேலை நாட்களில் நாளொன்றுக்கு இரண்டு தடியும் அறுக்கிறார். கூலி, மின்சாரம், நாடாச் செலவு ஆகியவை இதற்கு மேல்.

இதிலிருந்து விடை தெளிவாகிறது. வீடு கட்டுவதற்காக இரண்டு மூன்று மரம் வெட்டுபவர், உரிமம் பெற்ற அண்டை மில்லுக்குத் தடியை எடுத்துச் சென்று கூலிக்கு அறுத்துக் கொள்வதே லாபம். கிடைப்பட்டை வாளோ, பல விளைகளுக்குப் பொதுவாக, கூட்டுறவாக உரிமம் பெற்று நடத்தினால் அன்றி ஒரு குடும்பத்திற்குக் கட்டுப்படியாகாது. களப்பணியாளர் இதனை மறைக்காமல் கூற வேண்டும். கடன் வாங்கி யந்திரம் செய்து, உரிமமும் தடியும் கிடைக்காமல் துருப்பிடிக்க விடுவதைக் காட்டிலும் இப்பொழுதே ஏமாற்றமடைதல் நன்று.

அறுத்த பின்னர்

நன்றாக அறுத்த பலகையும் காய வைக்கத் தெரியாவிடில் கோணிப் பிளக்கும். மரம் வளைய வரிகளின் திசையில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கோணலுக்குக் காரணம் இதுவே. பலகைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வோர் அடுக்கிற்கும் இடையே 2.5 சென்டிமீட்டர்ச் சதுரக் குச்சிகளை அரை மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேராக வைத்து அடுக்க வேண்டும். மேலே பாரம் ஏற்றி, வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் வேண்டும். வெட்டு முனைகளில் மெழுகோ வர்ணமோ பூசினால் முனை வெடிப்பு குறையும். இப்பகுதி இரு பருவமழைகளையும் பெறுவதால், வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரி முதல் மே வரையிலான காலமே உலர்த்துவதற்கு ஏற்றது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகையால் பூஞ்சையும் வண்டும் விரும்பும். அறுத்த அன்றே மருந்திடுதல் வேண்டும். ஏறத்தாழ 1.5 பங்கு வெண்காரமும் 1 பங்கு போரிக் அமிலமும் கலந்த கரைசல் இதற்கு வழக்கமானது. இம்மருந்து நீரில் கரைந்து வெளியேறும் தன்மையது. ஆகவே மழை படும் இடத்தில் ரப்பர்ப் பலகையை உபயோகித்தலாகாது. பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், 1975-இல் பீச்சியில் தொடங்கப்பெற்ற கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் ஆராய்ச்சி செய்துள்ளன. ஐயங்களை அவற்றிற்கு எழுதிக் கேட்கலாம்.

ஆசிரியர்களுக்கு

பள்ளி வளாகத்தில் விழுந்த ஒரு கிளையே நல்ல பாடமாகும். மாணவர்கள் சுற்றளவை நூலால் அளந்து, கால்சுற்றளவு முறையிலும் உருளைச் சூத்திரத்தாலும் கன அளவு கண்டு, இரண்டையும் ஒப்பிடட்டும். 48 சென்டிமீட்டர் விட்டமும் 120 சென்டிமீட்டர் மைய இடைவெளியும் உள்ள இரு சக்கரங்களுக்கு நாடாவின் நீளம் என்ன என்று கேட்கலாம். ஒரு சக்கரத்தின் முழுச் சுற்றளவோடு மைய இடைவெளியின் இருமடங்கைக் கூட்ட, 391 சென்டிமீட்டர் வரும். தடத்தின் அகலத்தை மாற்றிப் பலகைகளின் எண்ணிக்கையைக் கணிக்கச் செய்யலாம்.

முப்பது நாற்பது ஆண்டுகள் நின்று வளர்ந்த மரத்தை ஒரு மணி நேரத்தில் தூளாக்கவும் முடியும், தலைமுறைக்கு நிற்கும் கதவாக்கவும் முடியும். அளந்து, விதியைக் கேட்டறிந்து, கணக்கிட்டு, பின்னரே யந்திரத்தைப் பற்றி முடிவு செய்யுமாறு விவசாயிகளுக்கு எடுத்துரைத்தல் களப்பணியாளரின் கடமையாகும்.